புத்தளத்திலிருந்து ஒரு நடைவழி
(இபின் பதூதா கண்ட தென்னெல்லை)

நண்பர் சூழ ஆறுகளைக் கடந்தும் பள்ளத்தாக்குகளினூடே ஏறியும் நடந்து செல்லும் பயணம் இக்காலத்து இளைஞர் கண்ட புதுமையன்று. நமது மேலைக் கரையிலே 1344 ஆம் ஆண்டில் அத்தகைய பயணமொன்று நிகழ்ந்தது. சென்றவர் மொரோக்கோ நாட்டுத் தஞ்சியர் நகரிற் பிறந்த இபின் பதூதா. அவர் சிவனொளிபாத மலையேறிய செய்தியைப் பலரும் எடுத்துரைப்பர். புத்தளத்திலிருந்து சிலாபம் வரை அவர் கடந்த கரையோர வழியை ஊன்றி நோக்குவார் சிலரே. யாழ்ப்பாண அரசு அக்காலத்தில் எதுவரை பரந்திருந்தது என்னும் வினாவிற்கு அவ்வழியே சான்றாகின்றது.

மாலைதீவிலிருந்து ஓகஸ்ட் மாத இறுதியிற் புறப்பட்ட அவர், மஃபர் எனப்பட்ட சோழமண்டலக் கரையை நாடினார். காற்றுத் துணை செய்யவில்லை. ஒன்பது நாட்கள் கடலில் அலைந்தபின் புகைத்தூண் போன்று வானளாவி நின்ற மலையொன்று தோன்றிற்று. அணுகிய துறையில் இறங்க மாலுமிகள் அஞ்சினர். அந்நாட்டு மன்னன் ஆரியச் சக்கரவர்த்தி கொடியவன், கடலிற் கொள்ளையிடும் மரக்கலங்களை உடையவன் என்பது அவர்கள் கூற்று. பதூதாவோ தாம் மதுரைச் சுல்தானின் உறவினர் எனச் சொல்லியனுப்பி, அஞ்சாது கரையிறங்கினார்.

அவர் கண்ட மன்னன் மாலுமிகள் கூறிய மன்னனல்லன். பாரசீக மொழியை விளங்கிக்கொள்பவன். பிறநாட்டு அரசர்களின் கதைகளைக் கேட்பதிற் பெருவிருப்புடையவன். அவன் முன்னிலையில் அலுவலர் முத்துக்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தனர். சில முத்துக்களை எடுத்துக்காட்டி, இவற்றை ஒப்பன பாரசீகக் குடாவில் உளவோ என வினவினான். அங்கே தாம் கண்டவை இவற்றினும் தாழ்ந்தவையே எனப் பதூதா விடையளிக்க, மகிழ்ந்த மன்னன் அவற்றை அவருக்கே ஈந்தான். வேறு யாது வேண்டும் எனக் கேட்டபோது, பாதமலையைத் தரிசிப்பதொன்றே தம் விருப்பம் என்றார் அவர்.

மரவேலியும் மரக்காவற்கோபுரங்களும் சூழ்ந்த சிறிய, அழகிய நகரெனப் புத்தளத்தை வருணிக்கும் பதூதா, அதனை மன்னனின் இராசதானி என்றே குறிப்பிடுகின்றார். நல்லூரைத் தலைநகராகக் கொண்டவனுக்குப் புத்தளம் எவ்வாறு இராசதானியாகும்? முத்துச் சலாபத்தை மேற்பார்வையிட வந்து தங்கிய இடமே அது என்று கூறி அமைதல் எளிது. ஆயின் மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு, வாடை ஓய்ந்து சோளகம் எழுமுன்னர், மாசி முதல் சித்திரை வரையான அமைதிக் காலத்தில் நிகழ்வது. பதூதா வந்ததோ செப்தெம்பர் மாதத்தில். குளிப்பு முடிந்து பல திங்கள் சென்ற பின்னரும் மன்னன் அங்கிருந்தானெனின், அதனை வெறும் பருவகாலப் பாசறையெனக் கொள்ளுதல் பொருந்துமா? புத்தளம் அவ்வரசின் நிலையான தென்திசை இருக்கைகளுள் ஒன்றாதல் வேண்டுமென்பதே எமது துணிபு. கரையெங்கும் குன்றுபோற் குவிந்து கிடந்த கறுவா மரங்களும், அவற்றைப் பெறச் சோழமண்டலத்தாரும் மலையாளத்தாரும் மன்னனுக்குக் கொணர்ந்த துணிமணிகளும், முத்து ஒன்றே அத்துறையின் செல்வமன்று என்பதைக் காட்டுகின்றன. அக்கறுவாவை ஆறுகள் மலைநாட்டிலிருந்து அடித்துக்கொண்டு வந்தன என்பது பதூதாவின் கூற்று.

இனி வழித்துணைகளை நோக்குவோம். ஆண்டுதோறும் பாதத்தைத் தரிசிக்கச் செல்லும் யோகியர் நால்வர், பிராமணர் மூவர், மன்னனின் பரிவாரத்தார் பதின்மர், உணவுப்பொருள் சுமப்போர் பதினைவர். இவரோடு பதூதாவுக்கெனச் சிவிகையொன்றும் அதனைத் தூக்கும் அடிமைகளும். ‘ஆண்டுதோறும்’ என்னும் சொல் கவனிக்கத்தக்கது. தமிழரசனின் நகரிலிருந்து மலைக்குச் செல்லும் யாத்திரை அந்நாளில் வழக்கமாகவே இருந்ததென்பது அதனாற் பெறப்படும். இசுலாமியர் ஒருவர் ஆதமின் அடியை நாடியும், சைவ யோகியர் சிவபெருமானின் அடியை நாடியும் ஒரே வழியில் ஒருங்கே சென்றனர். அதனை ஒரு வியப்பாகப் பதூதா எழுதவில்லை.

முதல் நாள் ஓர் ஆற்றங்கரையிலே தங்கி, மூங்கிற் கழிகளாலாய தெப்பத்தில் அதனைக் கடந்தனர். அவர் பெயர் கூறாத அவ்யாறு, புத்தளத்தருகே களப்பிற் கலக்கும் மீ ஓயாவாக இருக்கலாம். அவ்வாறாயின் முதல் நாள் நடை மிகக் குறுகியதே. பெருங்கூட்டம் புறப்படும் நாளில் அது வியப்பன்று. மாணவரைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்ற ஆசிரியர் எவரும் இதனை அறிவர்.

அடுத்து அவர்கள் அடைந்த ஊர் மனார் மண்டலி. அது இன்றைய முந்தலே என்பது அறிஞர் பலரின் கருத்து. அவ்வூர் மன்னனின் ஆட்சியெல்லையின் இறுதியில் உள்ளதெனப் பதூதா தெளிவாகக் கூறுகின்றார். எமது ஆராய்ச்சிக்கு இவ்வொரு தொடரே பெரும் பயனுடையது. ஊரவர் அரிசியும் நெய்யும் மீனும் கோழியும் பாலும் தந்து விருந்தோம்பினர். நோயுற்றுத் தங்கியிருந்த குராசான் நாட்டார் ஒருவரன்றி வேறு முசிலிம் எவரையும் அங்கே காணவில்லை என்கிறார். அந்நோயாளியும் இவர்களோடு கூடிக்கொண்டார்.

பின்னர் பந்தர் சலாவாத் என்னும் சிற்றூர், அது சிலாபம். முத்துக்குளிப்பைக் குறிக்கும் சலாபம் என்னும் சொல்லிலிருந்தே அப்பெயர் பிறந்ததென்பர். அதற்கப்பால் வழி கடற்கரையை விட்டு, நீர்நிலைகள் மலிந்த கரடுமுரடான காட்டினுட் புகுகின்றது. அங்கே யானைகள் மிகுதியெனினும், சீராசு நகரத்துப் பெரியார் இபின் கபீபின் அருளால் அவை யாத்திரிகருக்குத் தீங்கு செய்வதில்லை என்னும் நம்பிக்கையைப் பதூதா குறிக்கின்றார். இரு மலைகளுக்கிடையே பள்ளத்தாக்கில் அமைந்த குனகார் நகரை அவர் அடுத்துச் சேர்ந்தார். அது குருநாகலா, கம்பளையா, இரத்தினபுரியா என்னும் வாதம் நெடியது, ஈண்டு வேண்டப்படுவதன்று.

இக்குறிப்புக்களை எத்துணை நம்பலாம்? நூல் 1355 இல், பேசு நகரிலே, பதூதா சொல்ல இபின் சுசாய் எழுதியது. இடையே மலையாளக் கரைக்கப்பாற் கடற்கொள்ளையர் அவருடைய உடைமை யாவற்றையும், இலங்கை மன்னன் ஈந்த மணிகள் உட்படப் பறித்துக்கொண்டனர். ஆகவே பதினொராண்டு கடந்த நினைவே அவருக்குப் பெருந்துணை. எனினும் புத்தளம், முந்தல், சிலாபம் என வடக்கிலிருந்து தெற்காக அவர் கூறும் வரிசை நிலத்தோடு பிழையின்றிப் பொருந்துகின்றது. ஆரியச் சக்கரவர்த்தியின் வலிமையைப் பொறுத்தவரை, 1359 ஆம் ஆண்டளவைச் சார்ந்த மெதவளைக் கல்வெட்டு மார்த்தாண்டன் என்பானுக்காக மலைநாட்டுப் பகுதிகளில் வரி தண்டப்பட்டதைக் குறிப்பதாக ஆய்வாளர் கொள்வர். அவ்வாறாயின், பதினைந்தாண்டுகளின் முன் முந்தல் வரை அவ்வரசு நின்றதென்னும் கூற்று மிகைப்பட்டதாகத் தோன்றவில்லை.

மலையேறி இறங்கிய பதூதா, தேவேந்திரமுனை, காலி, கொழும்பு வழியாகக் கரையைச் சுற்றி மீண்டும் புத்தளத்தை அடைந்தார். ஓராண்டாயினும் காத்திருப்பேன் என்று சொல்லியிருந்த கப்பற்றலைவர் இபுராகீம் அங்கேயே இருந்தார். இருவரும் சோழமண்டலக் கரைக்குப் பாய்விரித்தனர்.