குலதனமாக வந்த விமானம்

ஸ்ரீரங்கத்தில் விமானம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது அரங்கன் கருவறையின்மேல் பொன்வேய்ந்து நிற்கும் பிரணவாகார விமானமே. தலபுராணத்தின்படி அதுவும் ஒரு காலத்தில் கைமாறி, இடம்பெயர்ந்து வந்ததுதான். பிரமனிடமிருந்து இக்ஷ்வாகுவுக்கும், அவன் குலத்தில் வழிவழியாக இராமனுக்கும் வந்த அதை, இராமன் வீடணனுக்கு அளித்தான். இலங்கைக்குக் கொண்டுசெல்லும் வழியில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இறக்கிவைத்தவனால் மீண்டும் எடுக்க இயலவில்லை. அங்கேயே அது நிலைகொண்டுவிட்டது.

நாம் இங்கு பேச எடுத்துக்கொண்டதும் குலதனமாக வந்த விமானத்தைப் பற்றித்தான். ஆனால் இது மரமும் துணியும் எந்திரமும் கொண்டது. பறப்பதில் ஆசைகொண்ட ஒருவர் வாங்கியோ செய்தோ வைத்திருந்து, அவர் காலத்துக்குப் பின் இறக்கை வேறு, உடல் வேறு, எந்திரம் வேறாகப் பிள்ளைகள் கைக்கு வந்து சேர்வது. வைத்துக்கொள்ள இடமில்லை; விற்கலாம் என்றால் விலை தெரியவில்லை. பழைய இரும்புக் கடைக்காரர் மட்டும் எடைபோட்டு விலை சொல்லக் காத்திருக்கிறார். அந்த எடைக்கல்லுக்கு அப்பால் இதன் மதிப்பை எதைக்கொண்டு அளப்பது?

தமிழகத்தில் பறக்கும் ஆசைக்கு வயது நூறு ஆண்டுகளுக்கும் மேல். சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்செலிஸ், தாமே வடிவமைத்து, வண்டிகள் கட்டுவதில் பேர்பெற்ற சிம்ப்சன் நிறுவனத்தில் செய்வித்த விமானத்தை 1910 மார்ச்சில் பறக்கவிட்டார். அலகாபாத்தில் ஹென்றி பெக்கே அஞ்சல் பைகளுடன் பறந்தது 1911 பிப்ரவரியில்தான் என்பதை எண்ணிப்பார்த்தால் சென்னை எவ்வளவு முந்திக்கொண்டது என்பது விளங்கும். திருச்சிக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. கராச்சியிலிருந்து பம்பாய், சென்னை வழியாகக் கொழும்பு சென்ற டாடா நிறுவனத்தின் அஞ்சல் விமானம் 1938இல் திருச்சியில் இறங்கிச் சென்றது. இரண்டாம் உலகப்போரின்போது பொன்மலை ரயில்வே பணிமனை பிரிட்டிஷ் விமானப்படையின் பழுதுபார்ப்புப் பணிகளுக்கும் கைகொடுத்தது.

டி ஏஞ்செலிஸின் விமானம் இன்று எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. பறந்தது என்ற செய்தி மட்டும் எஞ்சியிருக்கிறது. இதற்கு நேர்மாறான கதையொன்று பாலைவனத்து நகரமான பிகானேரில் நடந்தது. அங்கே பொருள் எஞ்சியது, செய்திதான் மறந்துபோயிற்று.

முதல் உலகப்போர் முடிந்ததும் பிரிட்டன் தன்னிடம் மிகுந்திருந்த போர்விமானங்களை 1919இல் பேரரசின் பரிசு என்ற பெயரில் குடியேற்ற நாடுகளுக்கு வழங்கியது. இந்தியாவுக்கு நூறு விமானங்கள் ஒதுக்கப்பட்டன. ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் வடிவமைத்த டிஎச்-9 என்னும் குண்டுவீச்சு விமானங்களும் அவற்றுள் அடக்கம். மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்த ஈரடுக்கு இறக்கைகளும், 230 குதிரைத்திறன் கொண்ட பூமா எந்திரமும் அவற்றின் அடையாளங்கள். அப்படிச் சில விமானங்கள் மகாராஜா கங்கா சிங் ஆண்ட பிகானேருக்கு வந்து சேர்ந்தன. ஆண்டுகள் கடந்தன. மகாராஜா 1943இல் மறைந்தார்; பின்னர் சமஸ்தானமும் மறைந்தது. விமானங்கள் அரண்மனையின் பழைய யானைக்கொட்டடியில் உடைமைகளோடு உடைமைகளாய்க் கிடந்தன. மரத்தைக் கரையான் அரித்தது.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அவை மீண்டும் கண்ணில் பட்டபோது, பிரிட்டனின் பழைய விமான மீட்பர் கை பிளாக் அவற்றின் அருமையை உணர்ந்து விலைபேசி வாங்கினார். ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட அவ்வகை விமானங்களில் உலகெங்கும் எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. மீட்கப்பட்டவற்றுள் ஒன்று 2007இல் டக்ஸ்ஃபோர்டிலுள்ள அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. மற்றொன்று 2019 மே மாதம் வானிலேயே ஏறியது. பிகானேரின் ஜூனாகட் கோட்டையிலும் ஒரு டிஎச்-9 இன்றும் காட்சிக்கு இருக்கிறது. கரையான் தின்ற மரத்துக்கு எவரும் விலை கொடுக்கவில்லை. உலோக இணைப்புகளும் எண்களும், இன்ன தொழிற்சாலையில் பிறந்து இன்ன வழியாக இங்கே வந்தது என்று நிறுவும் தொடர்ச்சியுமே விலைபெற்றன.

தொடர்ச்சியின் அருமையை ஸ்ரீரங்கத்தாருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பதினான்காம் நூற்றாண்டுப் படையெடுப்பில் அரங்கத்தை விட்டு அகன்ற உற்சவர், பல ஊர்களில் ஒளிந்திருந்து, கோபண்ணனின் துணையோடு 1371இல் திரும்பினார். அதற்குள் வேறொரு திருமேனி அவரிடத்தில் எழுந்தருளியிருந்தது. எவர் பழையவர் என்று அறுதியிடப் பழையவரைக் கண்டவர்கள் இல்லை. முதுமையில் பார்வையிழந்த ஈரங்கொல்லி ஒருவர், திருமஞ்சனம் கண்ட ஈரவாடையின் தீர்த்தத்தைச் சுவைத்து இவரே நம்பெருமாள் என்று உறுதி சொன்னதாகக் கோயிலொழுகு கூறுகிறது. அப்பெயரே நிலைத்தது. பொன்னின் எடையோ சிற்பத்தின் அழகோ அன்று வழக்கைத் தீர்க்கவில்லை. ஒரு மனிதரின் நினைவு தீர்த்தது.

விமானத்துக்கு அந்த ஈரங்கொல்லியின் இடத்தில் இருப்பவை அதன் பதிவேடுகள். உடலுக்கொன்று, எந்திரத்துக்கொன்று, சுழலிக்கொன்று என நாட்குறிப்புகள் உண்டு. எத்தனை மணி நேரம் பறந்தது, எந்திரம் எப்போது முழுமையாகப் பிரித்துச் செப்பனிடப்பட்டது, எந்த விபத்தில் எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். இவற்றோடு பதிவுச் சான்றும், பறக்கத் தகுதிச் சான்றும், செய்தவர் பெயரும் வரிசை எண்ணும் பொறித்த தகடும் சேர்ந்தால்தான் குவியல் ஒரு விமானமாகும். குறிப்பேடு தொலைந்த எந்திரம் பத்து மணி நேரமே ஓடியிருந்தாலும், வாங்குபவர் அதை முழுதும் பிரித்துச் செப்பனிடும் செலவைக் கழித்துக்கொண்டுதான் விலை சொல்வார். நெடுங்காலம் ஓடாமல் கிடந்த எந்திரத்தின் உட்புறம் துருப்பிடித்திருக்கும் என்ற அச்சமும் அந்த விலையில் அடங்கும்.

ஆக இத்தகைய உடைமைக்கு மூன்று விலைகள் உண்டு. மீண்டும் பறக்குமென்றால் ஒன்று. அதிலிருந்து சேர்த்துக் கட்டும் செலவும், உரிமம் பெற்ற பொறியாளரின் சோதனைச் செலவும் கழியும். உதிரிபாகங்களாக மற்றொன்று. வரலாற்றுப் பொருளாக மூன்றாவது; இதைச் சொல்ல அருங்காட்சியகத்தாரோ மீட்புக் கலைஞரோ வேண்டும். வாங்க வந்தவரையே மதிப்பிடச் சொல்வது மூன்றாம் விலையை முதலிலேயே கைவிடுவதற்கு ஒப்பு.

பாகப்பிரிவினையில்தான் பெருஞ்சேதம் நேர்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவர் தாமே ஈட்டிய உடைமையில் மனைவிக்கும் தாய்க்கும் ஒவ்வொரு மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு உண்டு. நிலத்தை அளந்து பிரிக்கலாம். விமானத்தைப் பிரித்தால் பங்குதான் மிஞ்சும், விமானம் மிஞ்சாது. எந்திரம் ஒருவர் வீட்டுக்கும் இறக்கை இன்னொருவர் பரணுக்கும் போய், ஏடுகள் பழைய காகிதத்தோடு எடைக்குப் போகும். விற்றுப் பணத்தைப் பங்கிடுவதே அறிவுடைமை. அதற்குமுன் கிடப்பது கிடந்தபடியே படமெடுத்து, ஒவ்வொரு திருகாணியும் எங்கிருந்து வந்ததென்று சீட்டுக் கட்டிவைத்து, வண்ணம் பூசாமலும் தேய்த்து மெருகிடாமலும் விடவேண்டும்.

மற்றொன்றும் நாம் மனங்கொள்ளத்தக்கது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம், நூறாண்டு கடந்த அறிவியல் சான்றுப் பொருள்களையும் தொல்பொருள் என்றே கொள்கிறது. அவற்றைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. பிகானேர் விமானங்கள் விற்கப்பட்டபோது அவற்றுக்கு நூறு வயது நிரம்பவில்லை. இன்று அதே வயதினவொன்று எங்கேனும் ஒரு கொட்டடியில் கிடந்தால் சட்டம் அதைக் காக்கும். ஆனால் அது விமானமென்று அறிந்து சொல்ல ஒருவர் இருந்தால் மட்டுமே. பரணிலிருக்கும் பெட்டியைப் பற்றி, வைத்தவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது வாரிசுகளின் முதற்கடமை. விலைபேசுவது அதற்குப் பிறகுதான்.