கடாரத்து மணியும் செம்பின் நிறமும்

1025-இல் இராசேந்திர சோழன் கடாரம் வென்றதைப் பேசிப் பெருமை கொள்ளும் நாம், அக்கெடா மண்ணிலே கிடைத்த சிறு கண்ணாடி மணிகளைக் கருதுவதில்லை. சுங்கை மாஸ் என்னும் ஊரிலே அவை மிகுதியாக அகப்பட்டன; அரிக்கமேட்டு மணிகளின் இனமே அவை.

கண்ணாடியின் முதற்பொருளாகிய மணல் சிலிக்கன் ஆக்சைடாகும். தூயதாயின் அதற்கு நிறமில்லை. நிறம் தருவது அதிற் கலந்த உலோகமே. காற்று நன்கு பாயும் உலையிலே செம்பு, இரண்டு எலெக்ட்ரான்களை இழந்து அயனியாகிச் செவ்வொளியை விழுங்கும். எஞ்சிய ஒளி நீலப்பச்சையாய்த் தோன்றும். காற்றைக் குறைத்துப் புகையை மூட்டினாலோ, அதே செம்பு இழந்ததை மீளப் பெற்று, நுண்துகளாய்ப் பிரிந்து செங்கல் நிறம் காட்டும்.

அயனி என்னும் சொல்லையே அறியாத தொழிலாளி இவ்வுண்மையைக் கண்ணாலும் கையாலும் ஆண்டான். வேந்தன் வெற்றி மெய்க்கீர்த்தியில் நிற்கிறது. உலைமுன் வெந்தவன் பெயரோ எங்கும் இல்லை. அவன் அறிவுக்கு அம்மணிகளின் நிறமே சான்று. அதனையும் நம் வரலாறென்று போற்றுவோமாக.