தாடி ஓணான்: குஞ்சைப் பழக்குதலும் கையாளுதலும்

தாடி ஓணான், ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பிரதேசங்களில் வாழும் அகமிடே குடும்பத்துப் பல்லியினம். ஆங்கிலத்தில் பியர்டட் டிராகன் என்று வழங்கப்படும் இப்பிராணி, நம் தோட்டத்து வேலிகளில் தலையசைத்து நிற்கும் ஓணானுக்குக் குடும்ப உறவுடையது. சினமோ அச்சமோ மேலிடும்போது தொண்டைத் தோலை விரித்து, அதன் ஓரத்து முட்செதில்களைச் சிலிர்க்கச் செய்து, கருநிறமும் ஏற்றிக் காட்டுவது இதன் விசேஷ லக்ஷணம். வளர்ந்த பிராணி வால் உள்பட 40 முதல் 60 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். வீடுகளில் வளர்க்கப்படுவது பெரும்பாலும் போகோனா விட்டிசெப்ஸ் என்ற ஒரே இனமாதலின், அதன் குஞ்சை மனிதர் கைக்குப் பழக்கும் முறையே இங்கு விவரிக்கப்படுகிறது; எனினும், இவற்றின் சுபாவத்தைக் குறித்த பழைய ஆராய்ச்சிகள் வேறு பெயர்களில் எழுதப்பட்டிருப்பதால், பெயர் வரலாற்றை முதலில் ஒருவாறு அறிந்துகொள்வது அவசியமாகிறது.

ஐரோப்பிய விஞ்ஞானிகளுள் இத்தொகுதியைச் சேர்ந்த பிராணி ஒன்றுக்கு முதலில் பெயரிட்டவர் பிரெஞ்சு இயற்கைநூல் அறிஞர் குவியே. இன்று கிழக்குத் தாடி ஓணான் எனப்படும் பிராணியை, 1829-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் விலங்குலக நூலின் இரண்டாம் பதிப்பில் அவர் அகமா பார்பேட்டா என்று குறித்தார். அகமா என்னும் பேரினம் அக்காலத்தில், வந்த பல்லிகளுக்கெல்லாம் இடமளித்த ஒரு பெருஞ்சத்திரமாக இருந்ததாகையால், பின்வந்தோர் ஆஸ்திரேலிய வடிவங்களைப் பிரித்தெடுத்து ஆம்ஃபிபோலூரஸ் என்னும் பேரினத்தில் சேர்த்தனர். அங்கே இவை 1982 வரையில் தங்கியிருந்தன. இதற்கிடையில், 1919-இல் ஸ்டெர்ன்ஃபெல்டும் 1933-இல் லவ்ரிட்ஜும் 1952-இல் கிளாவர்ட்டும் தாம் கண்ட புதிய வடிவங்களைத் தனி இனங்களாக உயர்த்தத் துணியாமல், பார்பேட்டஸ் (குவியேயின் பார்பேட்டா) இனத்தின் உட்பிரிவுகளாகவே எழுதிவைத்தனர். ஆதலால் அக்காலத்து நூலொன்றில் பார்பேட்டஸ் என்ற பெயரைக் காண்பவர், அது எப்பிரதேசத்துப் பிராணியைச் சுட்டுகிறது என்பதை இடக்குறிப்பைக் கொண்டே நிச்சயிக்க வேண்டியிருக்கிறது.

நாம் இங்கு கருதும் விட்டிசெப்ஸ் இனத்துக்குப் பெயரிட்டவர் பெர்லினைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் ஆல், ஆண்டு 1926. உயிருடன் அதன் இயல்பைக் கண்டறியும் வாய்ப்பு அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. செதில்களின் அமைப்பும் தலையின் வடிவுமே இத்தகைய வர்ணனைகளுக்கு ஆதாரம். 1976-இல் பேடம் என்பவர் பார்பேட்டஸ் தொகுதி முழுவதையும் மறுபரிசீலனை செய்து, அதுவரை ஒன்றாகக் குவிக்கப்பட்டவற்றைத் தனித்தனி இனங்களாக வகுத்ததோடு, நல்லார்போர் சமவெளியைச் சேர்ந்த வடிவுக்கும் புதுப் பெயர் தந்தார். மேற்கு ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் ஸ்டார் 1982-இல் ஆம்ஃபிபோலூரஸ் பேரினத்தைப் பிரித்து, தாடி ஓணான்களுக்கென்றே போகோனா என்னும் பேரினத்தை நிறுவினார். அப்பெயரே இன்றுவரை நிலைத்திருக்கிறது.

குயின்ஸ்லாந்தின் கரிசல் சமவெளிகளில் வாழும் குறுகிய தலையுடைய சிறு இனத்தின் பெயரைப் பற்றி மட்டும் பூசல் எழுந்தது. வெல்ஸ், வெலிங்டன் என்னும் இருவர் 1985-இல் தாமே வெளியிட்ட நூலில் அதற்கு ஆஸ்திரேலியக் கவிஞர் ஹென்றி லாசனின் பெயரைச் சூட்டினர். முறையான பரிசோதனையின்றி நூற்றுக்கணக்கான பெயர்களை அள்ளித் தெளித்த அந்நூலைத் தள்ளுபடி செய்ய வேண்டுமென்று விலங்குப் பெயரீட்டுச் சர்வதேச ஆணையத்திடம் விண்ணப்பம் போயிற்று. ஆணையம் 1991-இல் தலையிட மறுத்துவிட்டது. பின்னர் 1994-இல் விட்டன் அதே பிராணிக்கு பிரெவிஸ் என்று பெயரிட்டார். முந்திய பெயருக்கே உரிமை என்ற விதிப்படி ஹென்றிலாசனி என்பதே சரியான பெயர். அதில் ஐயத்துக்கு இடமில்லை. இச்சிற்றினமும் வளர்ப்புப் பிராணியாக விற்கப்படுவதுண்டு. பழக்கும் முறையில் வேறுபாடு ஒன்றுமில்லை.

வளர்ப்புக் குலத்தின் தோற்றம் சற்று மறைவானது. ஆஸ்திரேலியா தன் வன ஜீவராசிகளை வணிகத்துக்காக வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1960-களிலேயே தடைசெய்துவிட்டது. ஆகவே இன்று பிற நாடுகளில் விற்கப்படும் தாடி ஓணான்களின் மூதாதையர் 1970-களிலும் 1980-களிலும் கள்ளத்தனமாகக் கடத்தப்பட்டு, ஜெர்மனியில் பெருகி, அங்கிருந்து அமெரிக்கா சென்றவை என்றே கொள்ளவேண்டும். பல தலைமுறைகள் பெட்டிக்குள்ளேயே பிறந்து வளர்ந்தமையால் இவை சாந்த சுபாவம் உடையனவாயின என்பது உண்மையே. ஆயினும் நாயையும் பசுவையும்போல் மனிதனோடு வாழப் பிறந்த ஜாதியாக இவை மாறிவிடவில்லை. ஒவ்வொரு குஞ்சும் காட்டு ஓணானுக்குரிய அச்சம் முழுவதையும் உடன்கொண்டே முட்டையிலிருந்து வெளிவருகிறது.

அந்த அச்சத்தின் காரணத்தை உணராமல் குஞ்சைக் கையில் எடுப்பவர் தோல்வியே அடைவர். தாய் மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடியபின் மீண்டும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஏறத்தாழ இரண்டு, இரண்டரை மாதங்களில் வெளிவரும் குஞ்சு, இரண்டு மூன்று கிராம் எடையோடு, காக்கையும் பருந்தும் வட்டமிடும் வெட்டவெளியில் தன்னந்தனியே பிழைத்தாக வேண்டும். சத்துரு வருவது பெரும்பாலும் ஆகாயத்திலிருந்து. இதற்கேற்ப, உச்சந்தலையின் நடுவே ஒரு செதிலுக்கடியில் மூன்றாம் கண் ஒன்று அமைந்திருக்கிறது. உருவங்களைக் காணும் ஆற்றல் அதற்கு இல்லை, ஒளியும் நிழலும் மாறுவதை மட்டும் அது உணரும். மனிதக் கை மேலிருந்து இறங்கும்போது அக்கண்ணில் விழுவது பருந்தின் நிழலேயன்றி வேறல்ல. குஞ்சைப் பழக்கும் கலையில் பாதி, மேலிருந்து கையை நீட்டாமலிருப்பதில் அடங்கிவிடுகிறது. மேல்மூடி வழியாகத் திறக்கும் கண்ணாடித் தொட்டியைவிட, முன்புறக் கதவுடைய பெட்டி சிறந்தது என்பதும் இதனாலேயே.

குஞ்சு தன் மனநிலையைச் சரீரத்தால் தெரிவிக்கிறது. முன்னங்கால் ஒன்றை மெல்ல உயர்த்தி வட்டமாகச் சுழற்றுவது பணிவின் அடையாளம்; கார்ப்பென்டரும் அவருடன் ஆராய்ந்தோரும் 1970-இலும், பிராட்ஸ்ட்ராம் 1971-இலும் ஆம்ஃபிபோலூரஸ் என்ற பழைய பேரினப் பெயரின்கீழ் வெளியிட்ட கட்டுரைகளில் இத்தகைய சைகைகள் விரிவாக ஆராயப்பட்டன. வளர்ப்போர் பலர் இதனைத் தமக்குச் சொல்லும் வணக்கமாகக் கருதி மகிழ்கின்றனர். குஞ்சோ, நான் சிறியவன், என்னை விட்டுவிடு என்றுதான் சொல்லுகிறது. வயிற்றில் கருமையான கோடுகளும் வளையங்களும் தோன்றுதல், உடலைத் தட்டையாக்குதல், வாயைப் பிளந்து சீறுதல், தாடி கருத்தல் ஆகியவை அச்சம் ஏறுவதைக் காட்டும். ஆனால் விளக்கின் கீழ் அசையாமல் அமர்ந்து வாயைத் திறந்திருப்பது சினமன்று; மிகுந்த உஷ்ணத்தை வெளிவிடும் வழி அது.

புதிதாக வந்த குஞ்சை முதல் ஒரு வாரம், பத்து நாள் வரை தொடாமல் விட்டுவைப்பதே நலம். இக்காலத்தில் ஆகாரமும் நீரும் வைத்துப் பெட்டியைச் சுத்தம் செய்வதோடு நிற்கவேண்டும். வெயில் காயும் இடத்தில் சுமார் 40 பாகை செல்சியஸும், மறுகோடியில் 25 பாகையை ஒட்டிய குளிர்ச்சியும், பகலில் புற ஊதாக் கதிர் தரும் விளக்கும் அமையாத பெட்டியில் எப்பழக்கமும் கைகூடாது. ஏனெனில் உடல் 35 பாகை அளவில் வெதும்பிய பின்னரே இப்பிராணி தன் இயல்பான நிதானத்துக்கு வருகிறது. குளிர்ந்த குஞ்சு அசையாதிருப்பதைச் சாதுத்தன்மை என்று எண்ணுவது பெரும் பிசகு. வளர்ப்பவர் உடுத்திய துணியைப் பெட்டியில் போட்டு வாசனையைப் பழக்கலாம் என்று சிலர் சொல்வர்; அதனால் தீங்கில்லை, நன்மை உண்டென்று நம்புவதற்கும் போதிய ஆதாரமில்லை.

பின்னர், காலையில் குஞ்சு ஒரு மணி நேரம் வெயில் காய்ந்த பிறகு, தரைமட்டத்திலிருந்து கையைப் பக்கவாட்டில் நுழைத்து, அசையாமல் சற்று நேரம் வைத்திருக்க வேண்டும். இடுக்கியால் ஒரு சிள்வண்டை நீட்டி, அடுத்து அதையே உள்ளங்கையிலிருந்து எடுக்கச் செய்தால், கை என்பது இரை வரும் இடம் என்ற எண்ணம் நாளடைவில் அதற்கு உண்டாகும். இரையின் அளவு குஞ்சின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தை மீறலாகாது. தோட்டத்தில் பிடித்த பூச்சியைத் தருவது கூடாது. மின்மினி ஒன்றே இவ்வினத்தைக் கொன்றுவிடும் என்பது 1999-இல் வெளியான ஆராய்ச்சியால் ஐயமற நிறுவப்பட்டுள்ளது.

தூக்கும்போது விரல்களை மார்புக்கு அடியில் செலுத்தி, மறுகையால் பின்னங்கால்களைத் தாங்கி, நான்கு பாதங்களும் எதையேனும் பற்றியிருக்கும்படி எடுக்கவேண்டும். காலூன்ற இடமில்லாதபோதுதான் இது நெளிந்து பாய்கிறது. நின்றுகொண்டு எடுப்பதைவிடத் தரையில் உட்கார்ந்து எடுப்பது உசிதம். சிறு குஞ்சுக்கு இடுப்பளவு உயரமும் ஆபத்தான வீழ்ச்சியே. வாலைப் பற்றி நிறுத்தவே கூடாது. நம் வீட்டுப் பல்லியின் வால் அறுந்தால் முளைக்கும், தாடி ஓணானின் வாலோ ஒருமுறை போனால் போனதே. ஆரம்பத்தில் ஐந்து நிமிடம், பிறகு சிறிது சிறிதாகக் கால் மணி நேரம் என்று வளர்க்கலாம். குஞ்சு துள்ளினால் அக்கணமே பெட்டியில் விடாமல், இறுக்காமலும் விடாமலும் கையிலேயே வைத்திருந்து, அது அமைதியடைந்த பின் விடுவதே சரியான முறை. துள்ளினால் விடுதலை என்று ஒருமுறை அறிந்துகொண்ட பிராணி அதை மறப்பதில்லை. ஆகாரம் உண்டவுடனும் தோலுரிக்கும் நாட்களிலும் எடுக்கலாகாது. இரவில், உறக்கத்தில் வெளிறிப்போயிருக்கும்போதும் அவ்வாறே. மனிதரிடம் காணப்படும் இருவகை உறக்க நிலைகளையொத்த நிலைகள் இவ்வினத்திலும் மாறி மாறி வருவதை 2016-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வு நிலையத்தார் கண்டனர்.

எல்லாக் குஞ்சுகளும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. இவ்வினத்தில், முட்டை 32 பாகைக்கு மேற்பட்ட உஷ்ணத்தில் அடைபடுமாயின், ஆணுக்குரிய நிறத்திரி அமைப்பு உடையனவும் பெண்ணாகவே பிறக்கின்றன; அத்தகைய பெண்கள் மற்றவற்றைவிடத் துணிவு மிக்கவை என்று 2016-ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. ஆகவே ஒன்றின் சுபாவத்தைப் பழக்கியவரின் திறமை என்றே முழுவதும் கணக்கிட முடியாது. மேலும், ஓராண்டு நிரம்பும்போது உடல் பெருத்து அச்சம் தானே தணிகிறது என்பதையும், பொறுமைக்குக் கிடைக்கும் புகழில் ஒரு பங்கு காலத்துக்கே உரியது என்பதையும் நூல்கள் எடுத்துரைப்பதில்லை.

கையாளுவோருக்கு உள்ள அபாயம் கடியன்று. சால்மோனெல்லா என்னும் கிருமி. 2012 முதல் 2014 வரை அமெரிக்காவில் சால்மோனெல்லா கோத்தாம் என்ற அரிய வகை பரவியபோது, வளர்ப்புத் தாடி ஓணான்களே மூலம் என்று பொதுச்சுகாதார அதிகாரிகள் கண்டறிந்தனர். நோயுற்றோருள் பெரும்பகுதியினர் ஐந்து வயதுக்கு மேற்படாத குழந்தைகள். பிராணியைத் தொட்டபின் கையைச் சோப்பிட்டுக் கழுவுவதும், அதை முத்தமிடாதிருப்பதும், சமையலறையில் உலவவிடாதிருப்பதும் கட்டாயம். பிராணிக்கு உள்ள அபாயம் வேறு: சுண்ணாம்புச் சத்தும் புற ஊதா ஒளியும் குறைந்து எலும்பு மெலிந்த குஞ்சு, மெல்லத் தூக்கினாலும் கால் முறியக்கூடும். செதிலற்ற பட்டுத்தோல் வகையை எடுக்கையில் நகமும் கீறலுண்டாக்கும். இரண்டு குஞ்சுகளை ஒரே பெட்டியில் வைத்தால் ஒன்று மற்றொன்றின் விரலையும் வால் நுனியையும் கடித்துத் தின்பது சாதாரணம்.

இப்பிராணி தன்னை வளர்ப்பவரிடம் அன்பு கொள்கிறதா என்ற வினா அடிக்கடி எழுப்பப்படுகிறது. கம்பிக் கதவைத் தலையால் ஒதுக்கித் திறக்கும் முறையை, தன் இனத்து மற்றொன்று செய்வதைக் கண்டு இது கற்றுக்கொள்கிறது என்பது 2015-இல் வெளியான சோதனையால் தெளிவாயிற்று. ஆகவே மந்தபுத்தியுடையது என்று இதைத் தள்ளிவிட முடியாது. எனினும் கற்கும் ஆற்றல் வேறு, பாசம் வேறு. தோளின்மேல் ஏறி அமர்வது உஷ்ணத்தையும் உயரத்தையும் நாடியே. தடவும்போது கண்ணை மூடிக்கொள்வதும் இன்பத்தாலன்று, தப்ப வழியில்லாத நிலையில் தலைமேல் வரும் கையைச் சகித்துக்கொள்வதாலேயே. இதனால் வளர்ப்பவர் வருந்தவேண்டுவதில்லை. ஓடிவிட வழியிருந்தும் ஓடாமல் கையில் தங்கியிருக்கும் ஓணான், தன் இனத்தாரால் காட்டக்கூடிய நம்பிக்கை முழுவதையும் காட்டிவிட்டது.

தற்காலத்தில் இவற்றில் பல நிறவகைகள் உண்டாக்கப்பட்டுப் பல நாடுகளில் விற்பனையாகின்றன. தாயகமான ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் முதலிய மாநிலங்களில் ஒன்றை வளர்ப்பதற்கும் அரசாங்க உரிமச்சீட்டு வேண்டும்.