ஹஜ் சேமிப்பும் ஓர் ஆய்வறிக்கையும்

இஸ்லாமிய வங்கியியல் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும், 1963ஆம் ஆண்டில் எகிப்தின் மித் கம்ர் நகரில் அஹ்மத் அந்நஜ்ஜார் தொடங்கிய சேமிப்பு வங்கியிலிருந்தே ஆரம்பிக்கின்றனர். அதே ஆண்டில் மலேசியாவில் இயங்கத் தொடங்கிய ஹஜ் சேமிப்பு நிதியத்திற்கு அவர்களிடம் ஓர் அடிக்குறிப்பே கிடைக்கிறது. இது நியாயமன்று, மித் கம்ர் முயற்சி சில ஆண்டுகளில் முடிவுற்றது, மற்றையதோ இன்றும் நிலைத்திருக்கிறது.

அந்நிதியத்தின் கரு, பொருளியல் அறிஞர் உங்கு அஸீஸ் 1959இல் சமர்ப்பித்த ஆய்வறிக்கையாகும். வட்டி கலந்துவிடும் என்று அஞ்சிய கிராமத்து மலாய் முஸ்லிம்கள் வங்கியை நாடவில்லை. ஹஜ்ஜுக்கென ஒதுக்கிய பணத்தை வீட்டிலேயே மறைத்து வைத்தனர். போதாதபோது நிலத்தையும் கால்நடைகளையும் விற்றனர். ஹாஜியாராகத் திரும்பியவர் பலவேளை வறியவராகவும் திரும்பினார். பொருளியலாளர் ஒருவர் இதனை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. உங்கு அஸீஸோ அப்பேணுதலை மதித்து, அதற்கு இசைந்த நிறுவனமொன்றை முன்மொழிந்தார். அவருடைய சிறப்பு இங்கேதான்.

தொடக்கத்தில் இணைந்தோர் 1,281 பேர்; அவர்களது வைப்பு சுமார் 46,600 வெள்ளி. 1969இல் ஹஜ் விவகார அலுவலகமும் இதனுடன் இணைக்கப்பட்டது. மாதச் சம்பளத்திலேயே சேமிப்பைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு, தொழிலாளரையும் அரசு ஊழியரையும் நெடுங்காலச் சேமிப்பாளர்களாக்கியது.

எனினும், 2017 இறுதியில் நிதியத்தின் கடப்பாடுகள் சொத்துக்களைவிட 4.1 பில்லியன் ரிங்கிட் மிகுந்திருந்ததாக 2018 டிசம்பரில் மலேசிய அரசு அறிவித்தது. குறைபட்ட சொத்துக்கள் தனி நிறுவனமொன்றுக்கு மாற்றப்பட்டன. வட்டியைத் தவிர்த்த நிதியத்திற்கும் கணக்குப் பரிசோதகரின் கண்டிப்பு தேவைப்பட்டது.