ஒளி ஊசியும் சிறு திருகாணியும்

கிராமபோன் பெட்டியைக் கண்டறிந்த தலைமுறையினர்க்கு ஊசி மாற்றும் வேலையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எஃகு ஊசியை அடிக்கடி மாற்றாவிடின் ஊசி மட்டுமன்று, இசைத்தட்டின் சாலும் தேய்ந்துபோகும். 1877 இல் எடிசன் ஒலியை உருளையிற் பதித்தார். 1887 இல் எமில் பேர்ளினர் தட்டையான வட்டத்துக்கு வழிகண்டார். 1925 மார்கழியிற் கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கியபொழுதும் தட்டினைப் படித்தது ஊசியே. தொட்டாலன்றிப் படித்தல் இல்லை, தொடுவதோ தேய்ப்பது. இந்தச் சிக்கலிலிருந்து விடுதலை தந்தது ஒளி.

1960 வைகாசி 16 ஆம் நாள் மைமன் என்னும் அமெரிக்கர் மாணிக்கக் கல்லிலிருந்து முதலாவது லேசர் ஒளியைப் பெற்றார். இரண்டே ஆண்டில், கடுகினும் சிறிய குறைகடத்தித் துண்டிலிருந்து அவ்வொளியைப் பெறும் வித்தை கைவந்தது. 1982 இல் பிலிப்ஸ், சோனி ஆகிய நிறுவனங்களின் கூட்டு முயற்சியால் இறுவட்டு விற்பனைக்கு வந்தது. அதில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீற்றர், ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் நாற்பது சுற்றளவு அடங்கும். குழியிற் படும் ஒளி மங்கித் திரும்பும். மேட்டிற் படுவது பிரகாசமாகத் திரும்பும். அந்த வேறுபாடே எழுத்தும் இசையும் படமும் ஆகின்றது. வட்டு எவ்வளவு அசைந்தாடினும் வில்லை அதனோடு ஏறி இறங்கிக் குவியம் தவறாது தொடரவேண்டும். இஃது எளிய காரியமன்று.

1994 மார்கழி 3 ஆம் நாள் யப்பானில் வெளிவந்த பிளேஸ்டேஷன் என்னும் விளையாட்டுக் கருவி இவ்வொளி ஊசியைச் சிறுவர் கையிற் கொடுத்தது. அதன் முதற் படைப்புகளில் வில்லையைத் தாங்கிய பிளாத்திக்கு வண்டி தண்டவாளத்தில் உராய்ந்து தேய்ந்தது, வில்லை சிறிது சாய்ந்தது, வட்டுப் படிக்கப்படவில்லை. கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் ஓடுகின்றது என்பதைப் பல நாட்டுப் பிள்ளைகளும் தாமே கண்டுபிடித்தனர். பொறியியலாளர் நகைக்கலாம், ஆயின் சாய்வை எதிர்ச்சாய்வால் நேராக்கிய அவ்வறிவு தவறானதன்று.

வன்னி மண்ணுக்கு இத்தகைய கருவிகள் எளிதில் வந்து சேர்ந்தவையல்ல. 1990 களில் போரும் பொருட்தடையும் நிலவிய காலத்தில் அங்கு பற்றரியே கிடைத்தற்கரிய பண்டம். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைக் கையாலும் காலாலும் சுழற்றி மக்கள் வானொலிச் செய்தி கேட்டனர். மூன்று வாற்று மின்சாரத்தோடு வானொலி மனநிறைவு கொள்ளும். தொலைக்காட்சியும் விளையாட்டுக் கருவியும் கொள்ளா. 2002 மாசியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. சித்திரையில் ஏ-9 வீதி திறக்கப்பட்டது. 2006 ஆவணியில் மீண்டும் மூடப்பட்டது. 2009 தையில் போர் தருமபுரத்தை அடைந்தபொழுது, பரந்தன் - முல்லைத்தீவு வீதியிற் சனங்கள் கையிற் கிடைத்ததைச் சுமந்துகொண்டு கிழக்கே நடந்தனர். அத்தகைய ஊரில் ஒரு பொருள் பழுதானால் எறிந்துவிட்டு வேறு வாங்குவோம் என்னும் பேச்சு இலகுவில் எழாது. திருத்துதல் அங்கே பொழுதுபோக்கன்று.

திருத்துவோன் கண்ணிற் படுவது லேசர்த் தலையின் பக்கத்திலுள்ள ஒரு மாறுந்தடை, கடுகளவான திருகாணி. லேசர் முதுமையடைய ஒளி மங்கும். பெரும்பாலான கருவிகளில் இத்திருகாணியைத் திருப்பித் தடையைக் குறைத்தால் மின்னோட்டம் கூடி ஒளி மீளும். படிக்காத வட்டுப் படிக்கும். அதனைக் கண்ட பிள்ளையின் முகமலர்ச்சியை வேண்டாமென்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆயினும் அது விளக்கின் திரியைத் தூண்டுவது போன்றதே, எண்ணெய் ஊற்றுவதன்று. ஒளி கூடிய அளவுக்கு ஆயுள் குறையும். வரம்பு கடந்தாலோ குறைகடத்தியின் முகப்புக் கணத்திற் கருகிவிடும். அதற்குமேல் எத்திருகாணியும் உதவாது.

ஆதலால் அனுபவமுள்ளோர் திருகாணியைக் கடைசியிலேயே தொடுவர். சோளகக் காற்றில் எழும் புழுதி வில்லையிற் படிந்தாலே வட்டுப் படிக்காது. மதுசாரம் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைத்தலே முதல் மருந்து. பின்னர் தண்டவாளத்தில் உறைந்த கிறீசு. அதன் பின்னரே, மின்சாரத்தை நிறுத்தித் தடையை மானியால் அளந்து, பழைய நிலையைக் குறித்துவைத்து, மயிரிழையளவு திருப்புவர். எரியும் லேசரை வில்லைக்கு நேரே குனிந்து பார்த்தல் ஆகாது. இறுவட்டின் லேசர் 780 நனோமீற்றர் அலைநீளமுடையது. கண்ணுக்கு மங்கிய சிவப்பாய்த் தோன்றினும் விழித்திரையை அடைவது அம்மங்கலன்று, முழு வலிமை.

பின்வந்த கருவிகளில் வேறொரு பூட்டும் வந்து சேர்ந்தது. 2006 இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 3 நீல லேசரைக் கொண்டது. அதில் வட்டு இயக்கியின் மின்சுற்றுப் பலகை தாய்ப்பலகையோடு இரகசியக் குறியீட்டாற் பிணைக்கப்பட்டிருந்தது. ஆதலின் வேறொரு கருவியிலிருந்து கழற்றிய இயக்கியை அப்படியே பொருத்தினால் விளையாட்டு வட்டு ஓடாது. பழைய பலகையையும் எடுத்துப் புதிய இயக்கியிற் சேர்த்தாலே ஓடும். இதனை அறியாதவர் லேசர்மீது பழிசுமத்தித் திருகாணியை வீணே திருகுவர்.