நூறு மூட்டை அரிசி

வெளிநாட்டு உதவியா, உள்நாட்டுக் கல்வியா என்ற விவாதம் எழும்போதெல்லாம் யப்பானின் நாகஓகாவையே நான் நினைத்துக்கொள்வதுண்டு.

1868இன் உள்நாட்டுப் போரில் தோற்று அழிந்த அச்சிற்றரசுக்கு, உறவுச் சிற்றரசான மினேயாமா 1870இல் நூறு மூட்டை அரிசி அனுப்பியது. பசித்திருந்த சாமுராய்கள் பங்கு கேட்டனர். பொறுப்பிலிருந்த கோபயாஷி தொரசபுரோ மறுத்தார். அரிசியை விற்றுப் பள்ளிக்கூடத்துக்குச் செலவிட்டார்.

1989இல் உலகின் முதன்மை உதவி வழங்குநராக உயர்ந்த யப்பானின் உதவி நிதி, 1997இன் பின்னர் சுருங்கலாயிற்று. அக்காலத்தில், 2001இல், பிரதமர் கொய்சுமி தமது முதலாவது கொள்கை உரையில் இக்கதையைச் சொல்லி, சீர்திருத்தத்தின் சுமையைப் பொறுக்குமாறு மக்களைக் கேட்டார்.

கோபயாஷியின் உறுதியை எல்லோரும் போற்றுகின்றனர். மினேயாமாவைப் பேசுவோர் அரிது. அது கொடுத்திராவிட்டால் விற்பதற்கு அரிசி ஏது? உதவியையும் கல்வியையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைத்து நிறுப்போர் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.