நாய்க்கும் சேவலுக்கும் நட்ட கல்

தருமபுரிப் பிரதேசத்தின் பூர்வ சரித்திரத்தை அறியப் புகுகிறவனுக்குக் கோயிற் சாசனங்களும் செப்பேடுகளும் செய்யும் உதவியைக் காட்டிலும், வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் புளியமரத்து நிழலிலும் நிற்கும் நடுகற்கள் செய்யும் உதவி பெரிது. தென்பெண்ணை பாய்ந்தும் மழை குறைந்த இந்த மேட்டு நிலத்தில், குன்றும் காடும் மேய்ச்சலுக்கு இடம் தந்தமையால், நெல்லைவிட மாடே செல்வமாக மதிக்கப்பட்டது; மாடு செல்வமான இடத்தில் அதைக் கவர்வதும், கவர்ந்ததை மீட்பதும், மீட்கும் போரில் மடிவதும் தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்தன; மடிந்தவனுக்கு உற்றாரும் ஊராரும் கல் எடுத்தார்கள்.

அரூர்ப் பக்கத்துக் கல் ஒன்றை நெருங்கிப் பார்த்தால், பலகைபோல் உடைத்தெடுத்த பாறையில், ஆழமில்லாத செதுக்கலாக, இடக்கையில் வில்லும் வலக்கையில் குறுவாளும் ஏந்தி ஒரு காலை முன்வைத்துப் பாயும் வீரன் ஒருவன் தென்படுவான். அவன் காலருகே கிண்டியும் சிமிழும் செதுக்கியிருப்பார்கள். தலைக்கு மேலே வட்டெழுத்தில் அரசனுடைய ஆட்சியாண்டும், வீரனுடைய பெயரும், அவன் பட்ட காரணமும் சில வரிகளில் அடங்கியிருக்கும். விளக்கெண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் ஏறி ஏறி எழுத்து மறைந்துபோன கற்களும் பல உண்டு. மக்கள் இவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அந்தப் பெயரையே இடுகிறார்கள். எழுத்து மறைந்தாலும் வணக்கம் மறையவில்லை என்பது இந்தப் பிரதேசத்துக்கு வாய்த்த தனிப்பெருமை என்றே நான் கருதுகிறேன்.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி மறைந்தபோது, அவனுக்கு நட்ட கல்லுக்கு மயிற்பீலி சூட்டிக் கள் படைத்ததை ஔவையார் நெஞ்சுருகப் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவது ஈறாக நடுகல் முறைமையைத் தொல்காப்பியர் வகுத்துச் சொன்னார். இலக்கியத்தில் மட்டுமே படித்து வந்த இந்த வழக்கத்தின் மெய்ச் சான்றுகளை, தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த நாகசாமி 1972-இல் செங்கம் நடுகற்களாகவும், 1975-இல் தருமபுரிக் கல்வெட்டுகளாகவும் தொகுத்து வெளியிட்டபோதுதான், தகடூர் நாட்டிலும் அதை அடுத்த செங்கம் பகுதியிலும் எத்தனை வீரர்கள் பெயரோடு நிற்கிறார்கள் என்பது நமக்குத் தெரியவந்தது.

அப்படிப் பெயரோடு நிற்கிறவர்களுள் ஒரு நாயும் உண்டு. செங்கத்தை அடுத்த எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனுடைய முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், எருமை மந்தையைக் காத்து நின்று உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்னும் சேவகனுக்குக் கல் நட்டார்கள். நட்டவர்கள் அவனுடைய உருவத்தோடு அவனுடைய நாயின் உருவத்தையும் செதுக்கினார்கள். அதனோடு நில்லாமல், கோவிவன் என்பது அந்த நாயின் பெயர் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லில் வெட்டினார்கள். உளி பிடித்தவனுக்கு ஒவ்வோர் எழுத்தும் உழைப்பு. நடுகற் சாசனங்கள் சொற்களை எண்ணிச் செலவிடுவது அதனாலேதான். அத்தகைய சிக்கனத்துக்கு நடுவே ஒரு நாயின் பெயருக்கும் அதன் பராக்கிரமத்துக்கும் இடம் ஒதுக்கினார்கள் என்றால், அந்தப் போரைக் கண்டவர்களும் கேட்டவர்களும் அதை அவ்வளவு பெரிதாக மதித்தார்கள் என்பதே பொருள். நடுகல் என்பது, கூர்ந்து நோக்கினால், பார்த்தவர்களுடைய அபிப்பிராயம்தான். அரசன் கொடுக்கும் பட்டம் வேறு. ஊரார் கூடி, இவன் வீரன், இந்தப் பிராணியும் வீரனே என்று முடிவு செய்து எடுக்கும் கல் வேறு.

நுளம்ப அரசர்களின் ஆட்சியில் தருமபுரியோடு நெருங்கிய உறவு பூண்டிருந்த கன்னட நாட்டிலும் இதே மனப்பாங்கைக் காண்கிறோம். 949-இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் இராஜாதித்தன் வீழ்ந்த போரில், இராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்குத் துணைநின்ற கங்க மன்னன் பூதுகனிடம் மணலேரன் என்னும் வீரன் ஒருவன் இருந்தான். அவனுடைய ஆற்றலை மெச்சிய மன்னன் வேண்டியதைக் கேள் என்றபோது, பொன்னையோ ஊரையோ கேளாமல், காளி என்னும் வேட்டை நாயைத் தரவேண்டும் என்று அவன் கேட்டான். அந்த நாய் பின்னர் ஒரு பெருங்காட்டுப் பன்றியோடு பொருது, பன்றியைக் கொன்று தானும் மாண்டது. மண்டியா மாவட்டத்து ஆதகூரில் சல்லேசுவரர் கோயிலின் முன்னே அதற்குக் கல் நட்டு, அந்தக் கல்லின் பூசைக்காக நிலமும் விட்டார்கள். நாயும் பன்றியும் ஒன்றையொன்று பற்றி நிற்கும் அந்தச் சிலை இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சோழ வமிசத்தின் பெருந்தோல்வி ஒன்றை நமக்கு அறிவிக்கும் முக்கியமான சாசனம் ஒரு நாயின் நினைவுக் கல்லிலே எழுதப்பட்டிருப்பதை நினைக்க நினைக்க வியப்பு உண்டாகிறது.

நாயாவது எஜமானுக்காகப் பொருதது. சேவலோ களத்தில் நின்று பொருவதற்காகவே பொருவது. அதற்கும் கல் நட்டார்கள். விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் ஒரு கல்லும், மதுராந்தகத்தை அடுத்த இந்தளூரில் ஒரு கல்லும் சேவலின் வடிவோடு கிடைத்திருக்கின்றன. பழமையான எழுத்தில் அமைந்த இவற்றுள், அரசலாபுரத்துச் சேவல் மேற்சேரியைச் சேர்ந்தது. இந்தளூர்ச் சேவல் கீழ்ச்சேரியைச் சேர்ந்தது, அதன் பெயர் பொற்கொற்றி. சேரிகளுக்கிடையே நடந்த இத்தகைய சேவற்போர்களில், இருபுறமும் கூடி நின்று ஆர்ப்பரித்த ஜனங்கள், பொருது மாய்ந்த பறவையை ஊரின் வீரனாகவே எண்ணி, வீரனுக்குரிய மரியாதையைச் செய்து முடித்திருக்கிறார்கள். புறப்பொருள் வெண்பாமாலையில் ஐயனாரிதனார் ஒழிபியலில் மல்லருடைய வென்றியைச் சொல்லும் இடத்திலேயே, கோழி, ஆட்டுக்கடாவாகிய தகர், யானை, காடையாகிய பூழ், கவுதாரியாகிய சிவல் முதலியவற்றின் வென்றிகளையும் தனித்தனித் துறைகளாக வகுத்தது, இந்த ரசனை இலக்கணத்திலும் இடம்பெற்றிருந்தமைக்குச் சான்று.

2008-இல் வெளிவந்த குங்ஃபூ பாண்டா என்னும் அனிமேஷன் படத்தைப் பற்றி நம்மிடையே வழங்கும் அபிப்பிராயங்களைக் கேட்கும்போதெல்லாம் இவை என் ஞாபகத்துக்கு வருகின்றன. புலியும் நாரையும் பாம்பும் குரங்கும் தயிர்க்கடைப் பூச்சியும் போர்க்கலை பயில்வதைக் குழந்தைகளின் வேடிக்கை என்று ஒதுக்குவோர் உண்டு. நூடுல்ஸ் கடையில் வளர்ந்த, வயிறு பெருத்த ஒரு பாண்டா, சிறந்த வீரனாகிய பனிச்சிறுத்தையை வெல்வதாகக் காட்டியது பொருந்தாது என்று குறைகூறுவோரும் உண்டு. முதற் கூற்றுக்கு விடை எளிது. அந்த ஐந்து பிராணிகளும் சீன நாட்டுப் போர்க்கலையில் உண்மையாகவே பயிலப்படும் முறைகளின் பெயர்கள். நம்முடைய அண்டை மாநிலமாகிய கேரளத்துக் களரியிலும் யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, பூனை, கோழி, மயில் என்னும் எட்டு வடிவுகளை ஆசான்கள் கற்பிக்கிறார்கள். மனிதன் போரைப் பிராணிகளிடமிருந்து கற்றான் என்பதைக் கிழக்கு நாடுகள் எந்நாளும் மறைத்ததில்லை.

இரண்டாவது குறைக்கு உறையூர் விடை சொல்லும். சோழருடைய அந்தப் பழந்தலைநகருக்குக் கோழி என்பது மற்றொரு பெயர். போர்யானையைச் சேவல் ஒன்று எதிர்த்து வென்ற இடம் அது என்பது ஐதிகம். இளங்கோவடிகள் அதைச் சிலப்பதிகாரத்தில் எடுத்து ஆண்டார். உறையூர்க் கோயிலில் அது சிற்பமாகவும் நிற்கிறது. வெல்வதற்குச் சிறிதும் வாய்ப்பில்லாத பிராணி வென்றதைக் கண்டு சிரித்து மகிழ்ந்த நெஞ்சமே ஒரு தலைநகருக்குப் பெயரிட்டது. பாண்டாவின் வெற்றியைக் கண்டு அரங்கில் கைதட்டும் சிறுவனும் அந்த மகிழ்ச்சியைத்தான் அனுபவிக்கிறான். அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் திரையில் அடிபட்ட பிராணி மறுகணமே எழுந்து நிற்கிறது, பொற்கொற்றி எழவில்லை. வேடிக்கைக்காகப் பிராணிகளை மோதவிடுவதை 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடைச் சட்டம் குற்றமாக்கியது நியாயமே என்பதில் எனக்கு ஐயமில்லை. பழையவர்கள் அந்தச் சாவுக்கு ஒரு கல்லாவது எடுத்தார்கள். பிற்காலத்துச் சேவற்கட்டில் பந்தயப் பணம் மிஞ்சிற்றேயொழியப் பறவையின் பெயர் மிஞ்சவில்லை.

எருதுக்கு நேர்ந்தது வேறு. தருமபுரியின் சித்தேரி மலைக்கு அப்பால், சேலம் மாவட்டத்துக் கருமந்துறையில் கிடைத்து இப்போது சேலம் அருங்காட்சியகத்தில் இருக்கும் கல், எருது விளையாடிப் பட்ட சங்கன் என்பவனுக்கு அவன் மகன் பெரிய பயல் நட்டது. தந்தை பெயரும் மகன் பெயரும் எழுதிய அந்தக் கல்லில் காளைக்குப் பெயர் இல்லை. ஆனால் இன்று, 2004 வரை தருமபுரி மாவட்டத்தோடு சேர்ந்திருந்த கிருஷ்ணகிரிப் பக்கத்தில் தை மாதந்தோறும் எருதுவிடும் விழாவைப் பார்க்கிறவர்கள், கொம்பில் அலங்காரத் தட்டி கட்டிய காளைகள் வீதியில் பாயும்போது, இன்னாருடைய காளை என்று சொல்வதோடு நிறுத்தாமல், ஒவ்வொன்றையும் அதன் பெயர் சொல்லியே கூவி அழைப்பதையும், எது எந்த ஊரில் எத்தனை விநாடியில் ஓடிற்று என்று தர்க்கம் செய்வதையும் கேட்கலாம்.